சினை ஆடு எத்தனை என்ற கேள்வி

அன்று காலை கீழப்பழுவூர் ஆட்டுப்பட்டியில் இருந்தவர்கள்: ஆட்டுக்காரர் ராமலிங்கம், அவருடைய தம்பி கலியபெருமாள், வேடிக்கை பார்க்க வந்த ஏழெட்டு அக்கம்பக்கத்தார், நான், செட்டிகுளம் என்று பெயர் வைக்கப்பட்ட நாய். இல்லாதவர்கள் இரண்டு பேர். ராமலிங்கத்தின் மனைவி செல்வி, அக்கா மகள் சடங்குக்காக முந்தின நாளே கங்கைகொண்ட சோழபுரம் போயிருந்தார். என் மேலதிகாரி கல்பனா மேடம், தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகத் திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இந்த இருவரில் ஒருவர் அங்கே இருந்திருந்தாலும் இதை எழுதும் வேலை எனக்கு வந்திருக்காது.

பெரம்பலூருக்குப் பக்கத்தில் இருக்கும் நாய்க் காப்பகம் ஒன்றில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். ஆட்டுப்பட்டிக்குக் காவல் இருக்கத் தெரிந்த, வளர்ந்த நாய்களை ஆட்டுக்காரர்களுக்குத் தத்துக் கொடுப்பது என் பொறுப்பு. பிறகு அரசுத் தேர்வில் தேறி, இப்போது தாலுகா ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பெரியவர்கள் எழுதுவதைப் போல இதை முப்பத்திரண்டு வயதில் எழுதுவது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன மாதம் என் இடத்துக்கு வந்திருக்கும் தினேஷ் போன் செய்தான்.

"அண்ணே, இப்ப ஃபார்ம் எல்லாம் போன்லயே வந்துடுச்சு. ஆட்டுக்காரங்களே தட்டி அனுப்பிடுறாங்க. நாயையும் வீடியோவுலயே பாத்துக்கிறாங்க. ஒரு கேள்விதான் ஒண்ணும் புரியல. சினை ஆடு எத்தனைன்னு ஒரு கட்டம் இருக்குல்ல, எல்லாப் பயலும் அதுல பூஜ்யம்தான் போடுறான். எதுக்கு அந்தக் கேள்வி, எடுத்துடலாமான்னு கமிட்டியில கேக்குறாங்க."

"எடுக்காத. நான் எழுதி அனுப்புறேன்" என்றேன். இது அதுதான்.

அந்த வேலைக்குப் போனபோது எனக்கு நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது. விலங்கியல் பட்டம் இருந்தது. எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். அப்பா அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். "நாய்க்குச் சோறு வைக்கிற வேலைக்கா மூணு வருசம் பஸ்ஸுக்குக் காசு குடுத்தேன்?" என்று மட்டும் கேட்டார், பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. முதல் ஆறு மாதம் கூண்டு கழுவினேன். அடுத்த ஆறு மாதம் தடுப்பூசி அட்டைகள் எழுதினேன். இரண்டு முறை கடி வாங்கினேன். அவ்வளவுதான் பயிற்சி.

கல்பனா மேடம் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயது இருக்கும். குரலை உயர்த்தமாட்டார், சிரிக்கவும் மாட்டார். தத்துக்கு வந்தவர் எதிரில் ஒருபோதும் நாயைத் தடவமாட்டார். "நான் தடவுனா அது வாலாட்டும். வாலாட்டுறதப் பாத்து ஆசப்பட்டு வாங்கிட்டுப் போவாங்க. ஆசைக்கு ஆடு காக்கத் தெரியாது" என்பார். நாய்களுக்குச் செல்லப் பெயர் வைப்பதும் அவருக்குப் பிடிக்காது. எந்த ஊரில் கிடைத்ததோ அந்த ஊர்தான் பெயர். அதனால் காப்பகத்தில் "வேப்பந்தட்டைக்குப் பேதி, குன்னம் நேத்து சாப்புடல" என்று பேசிக்கொள்வோம். வெளியாள் கேட்டால் ஊருக்கே ஏதோ வந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பது அவர் வழக்கம். படிவத்தை நிரப்பும்போது ஒரு முறை, டீ கொடுத்துவிட்டு ஒரு முறை, ஆள் வண்டியில் ஏறும்போது ஒரு முறை. மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால்தான் கையெழுத்துப் போடுவார். நான் தனியாகப் பட்டிகளுக்குப் போக ஆரம்பித்தபோது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "மூணு தடவ கேளு. மூணாவது தடவ அவங்க மூஞ்சியப் பாரு."

செட்டிகுளம் வந்த கதை சிறியது. செட்டிகுளம் பக்கம் ஓர் ஆட்டுக்காரர் இறந்துபோனார். பிள்ளைகள் ஆடுகளை ஒரே நாளில் விற்றுவிட்டார்கள். நாய் மட்டும் காலிப் பட்டியை விட்டு நகரவில்லை. யாரையும் அந்த மூங்கில் படல் வேலிக்குள் விடவும் இல்லை. பதினோராம் நாள் நாங்கள் போய் எடுத்துவந்தோம். அழுக்கு வெள்ளை நிறம், அகன்ற மார்பு, வலது காதில் பழைய கிழிசல். நாலைந்து வயது இருக்கும். குரைப்பு குறைவு. பார்த்துக்கொண்டே இருக்கும்.

இப்படி வளர்ந்த நாயைப் பட்டிக்குக் கொடுக்கும் முன் நாங்கள் செய்த சோதனைகள் இன்றும் எனக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கின்றன. முதலில், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளாட்டை மெதுவாக நடத்திக்கொண்டு போவோம். ஆட்டை வைத்த கண் வாங்காமல் பார்க்கிற நாய் வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொள்கிற நாய்தான் வேண்டும். ஆட்டிடம் அது காட்டும் மரியாதை அது. அடுத்து, ஆட்டை ஓடவிடுவோம். ஓடுகிற ஆட்டின் பின்னால் ஓர் எட்டு வைத்தாலும் அந்த நாய் தேறாது. கடைசியாக, நாய் சாப்பிடும்போது ஆடு வந்து தட்டில் வாய் வைக்கும். உறுமலாம், பல் படக் கூடாது. செட்டிகுளம் மூன்றிலும் தேறியது. மூன்றாவதில், ஆடு வந்ததும் தட்டை விட்டு எழுந்து தள்ளிப்போய்ப் படுத்துக்கொண்டது. மேடம் படிவத்தில் எதுவும் எழுதாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

அடுத்த மாதம் ராமலிங்கம் வந்தார். கீழப்பழுவூரில் ஐம்பது, அறுபது வெள்ளாடுகள். சரியான எண்ணிக்கையை அவர் சொல்லவில்லை. "ஏதோ இருக்குங்க சார், கடவுள் குடுத்தது" என்றார். ஒரு வருடத்தில் மூன்று முறை தெருநாய்க் கூட்டம் படலைத் தாண்டிவிட்டது. கடைசி முறை ஒரே விடியலில் ஆறு ஆடு. அதில் பாதியை நாய்கள் தின்னக்கூட இல்லை, கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தன. அதைச் சொன்னபோது அவர் குரல் மாறவில்லை, கை மட்டும் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தது. நிலம் இல்லாத குடும்பம். ஆடுதான் எல்லாமே.

நாயைக் கொண்டுபோய் விடும் நாளில் பட்டியில் வைத்துப் படிவம் எழுதினேன். கலியபெருமாள் படலில் சாய்ந்து நின்று கிண்டல் செய்துகொண்டிருந்தான். என் வயதுதான் இருக்கும்.

"ஊர்ல நாயே இல்லன்னு பெரம்பலூர்லேர்ந்து நாய் வருது பாரு. எம் புள்ளையப் பள்ளிக்கூடத்துல சேக்கயில நான் ஒரு கையெழுத்துதான் போட்டேன். இதுக்கு எத்தன சார்?"

"ஆறுங்க" என்றேன்.

"அப்ப இது காலேஜ் நாய்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன். "சினை ஆடு எத்தனைங்க?"

ராமலிங்கம் பட்டென்று சொன்னார். "ஒண்ணுமில்லீங்க."

அந்தக் கேள்வி எதற்கு என்றால், நாய் புதுப் பட்டிக்குப் பழக நாற்பது நாள் ஆகும். அதுவரை அது பட்டியை ஒட்டி, பத்தடிச் சங்கிலியில்தான் இருக்க வேண்டும். ஒரே ஆள் சோறு வைக்க வேண்டும், அதுவும் ஆடுகள் தின்ற பிறகு. அந்த ஆள் காலையும் மாலையும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டியைச் சுற்றி நடக்க வேண்டும். இதற்குள் எந்த ஆடாவது குட்டி போடும் போலிருந்தால், அந்த ஆட்டைத் தனியாக, நாய்க்கு எட்டாத இடத்தில் கட்ட வேண்டும். ஏனென்றால் நல்ல காவல் நாய் குட்டி ஈனும் ஆட்டின் பக்கத்தில் போகும். நஞ்சுக்கொடியைத் தின்னும், ரத்தத்தை நக்கும், செத்துப் பிறந்ததைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்யும். வாடைக்கு நரியோ தெருநாயோ வராமல் இருக்க அது கற்றுக்கொண்ட வேலை அது. தெரியாதவர் கண்ணில் பட்டால் அந்த நாய் அன்றோடு முடிந்தது.

டீ குடித்துவிட்டு இரண்டாம் முறை கேட்டேன். "ஒண்ணுமில்ல சார்" என்றார். செல்வி டீ டம்ளர்களை எடுக்க வந்தவர் நின்றார். "ஏங்க, அந்தக் கருப்பி..." என்று ஆரம்பித்தார். ராமலிங்கம் அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். "அடுப்புல என்னமோ தீயுது, போய்ப் பாரு" என்றார். செல்வி போய்விட்டார். அடுப்பில் ஒன்றும் தீயவில்லை.

எனக்குத் தெரியும். இதுதான் நான் இத்தனை நாள் யாரிடமும் முழுசாகச் சொல்லாதது. சினையாக இருக்கும் ஆட்டை எண்ணி வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், சொன்னால் கண்பட்டுக் கரு நிற்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. எங்கள் வீட்டிலேயே, அடைகாக்கிற கோழிக்கு அடியில் எத்தனை முட்டை என்று கேட்டால் அம்மா வாயில் அடிப்பார். அந்தப் பயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். ஆனால் கையில் படிவமும் சட்டைப்பையில் பேனாவும் இருந்ததால், அவர் சொன்னதை எழுதுவதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டேன். கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். மூன்றாம் முறை கேட்கவில்லை. மேடம் கேட்டிருப்பார். மூஞ்சியையும் பார்த்திருப்பார்.

முதல் மூன்று வாரம் நன்றாகவே போனது. செல்விதான் சோறு வைத்தார், அவர்தான் நடத்தினார். வாரம் ஒரு முறை போன் செய்வேன். "சமத்து, தம்பி. ராவுல ஒரு தடவ எந்திரிச்சு நின்னு குலைக்கிறான், அவ்ளோதான். தெருநாயி ஒண்ணு இந்தப் பக்கம் தலை காட்டல" என்பார். கலியபெருமாள்கூட ஒரு நாள் போனை வாங்கி, "உங்க காலேஜ் நாய்க்கு எங்கண்ணி நாட்டுக்கோழி முட்டை வைக்குது சார். எனக்கு வைக்கல" என்றான்.

இருபத்து மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு ராமலிங்கம் கூப்பிட்டார்.

"சார், உங்க நாயி குட்டியத் தின்னுடுச்சு. வாயெல்லாம் ரத்தம். பட்டிக்குள்ள பூந்து உக்காந்திருக்கு, யாரையும் கிட்ட வுடல. தம்பி கம்பிய எடுத்துட்டான். நான் அவனப் புடிச்சு வச்சிருக்கேன். வரீங்களா, இல்ல முடிச்சிடவா?"

"ஒரு மணி நேரம் குடுங்க. ஆட்டை வெளிய ஓட்டிடுங்க. யாரும் உள்ள போக வேணாம்."

"ஒரு மணி நேரந்தான் சார்."

பெரம்பலூரிலிருந்து அரியலூர் ரோட்டில் அந்த நேரத்தில் சிமெண்டு லாரிகள் வரிசையாகப் போகும். ஒன்றைத் தாண்டினால் அடுத்தது நிற்கும். நான் வண்டியை ஓட்டியதைவிட லாரிகளுக்குப் பின்னால் புழுதியில் காத்திருந்ததுதான் அதிகம். மூன்று இடத்தில் நிறுத்தி மேடத்துக்குப் போன் போட்டேன். அணைக்கப்பட்டிருந்தது. செல்விக்குப் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. சடங்கு வீட்டில் யார் பையில் அந்தப் போன் கிடந்ததோ. அரியலூரைத் தாண்டும்போது ஒரு மணி நேரம் முடிந்திருந்தது.

போய்ச் சேர்ந்தபோது கூட்டம் படலைச் சுற்றி நின்றது. ஆடுகளைப் பின்பக்கக் கொல்லைக்கு ஓட்டியிருந்தார்கள். ஒரு கருப்பு வெள்ளாடு மட்டும் திரும்பி வந்து, படலில் தலையை முட்டி முட்டிக் கத்திக்கொண்டிருந்தது. ஒருவர் அதைத் துண்டால் அடித்து விரட்டினார். அது மறுபடி வந்தது. நான் அதைப் பார்த்தேன், கவனிக்கவில்லை.

"வந்துட்டாரு காலேஜு" என்றான் கலியபெருமாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவன் கையில் நான்கடி இரும்புக் கம்பி.

பட்டியின் மூலையில் செட்டிகுளம் படுத்திருந்தது. சங்கிலியோடு முளைக்குச்சியும் பிடுங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் கிடந்தது. வாய், மார்பு, முன்னங்கால்கள் எல்லாம் ரத்தம். படலுக்கு இந்தப் பக்கம் ஒரு சாக்கில், கழியால் இழுத்தெடுத்த மிச்சத்தை வைத்திருந்தார்கள். ஒரு குட்டியின் தலையும் இரண்டு முன்னங்கால்களும்.

நான் சாக்கின் முன் உட்கார்ந்தேன். இதற்கென்று எங்கள் கையேட்டில் ஒரு பக்கம் உண்டு. வரிசை மறக்கவில்லை. கழுத்தில் பல் பட்ட ஓட்டை இருக்கிறதா? இல்லை. ஓட்டையைச் சுற்றித் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருக்கிறதா? எங்கும் இல்லை. உயிரோடு இருக்கும்போது கடித்தால் கட்டியிருக்கும். கடைசியாகக் குளம்பைத் திருப்பினேன். பிறந்த குட்டியின் குளம்புக்கு அடியில் மெழுகு மாதிரி, வெள்ளையாக, மெத்தென்று ஒரு தோல் இருக்கும். தாயின் வயிறு கிழியாமல் இருக்க இயற்கை போட்டுவிடும் செருப்பு அது. எழுந்து நாலு எட்டு வைத்தாலே கிழிந்து நார் நாராகிவிடும். இதில் ஒரு கீறல்கூட இல்லை.

"இங்க பாருங்க. இந்தக் குட்டி ஒரு தடவகூட எந்திரிச்சு நிக்கல. செத்துத்தான் பொறந்திருக்கு. இது கொல்லல, செத்ததத்தான் தின்னிருக்கு."

ராமலிங்கம் குனிந்து பார்த்தார். விரலால் அந்த வெள்ளையைத் தொட்டார். ஆட்டுக்காரர், அவருக்குத் தெரியும்.

கலியபெருமாள் சொன்னான். "சரி சார். செத்ததுதான். இன்னிக்கு ரத்த ருசி கண்டது நாளைக்கு உசுரோடதத் திங்காதா? நீங்க பெரம்பலூர்ல இருப்பீங்க, நாங்கல்ல ஆடு வச்சிருக்கோம்?"

அவன் கேட்டதில் தப்பு இல்லை. ஆறு ஆட்டின் குடலை அள்ளிப் புதைத்தவன் அவன். "திங்காதுங்க" என்று சொன்னேன். என் குரலே எனக்கு உறுதியாகக் கேட்கவில்லை.

"அப்ப ஏன் யாரையும் கிட்ட வுட மாட்டேங்குது?"

அப்போதுதான் நான் நாயைச் சரியாகப் பார்த்தேன். அது எங்களைப் பார்க்கவில்லை. இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே கீழே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு தரம் குனிந்து நக்கியது.

"நான் உள்ள போறேன். யாரும் வராதீங்க. கம்பியக் கீழ போடுங்க."

"நீங்க போங்க. கம்பி எங்கிட்டத்தான் இருக்கும்" என்றான்.

நான் படலைத் தாண்டி இறங்கி, குந்தி உட்கார்ந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்தேன். ஒரு முழம் நகர்வது, நிற்பது. அது உறுமினால் பின்வாங்காமல் அங்கேயே இருப்பது, நின்றதும் அடுத்த முழம். பதினைந்தடி தூரம் இருக்கும். வெளியே கருப்பு ஆடு விடாமல் கத்தியது. யாரோ, "இது வேற, சனியன்" என்றார்கள். கடைசி முழத்தில் உறுமல் நின்றது. கையைத் தரையோடு தரையாக நீட்டினேன். செட்டிகுளம் என் கையை வாயால் பிடித்தது.

அது கடிக்கவில்லை. இதை நான் எந்தக் கோயிலிலும் சொல்வேன். பல் என் தோலில் வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். போதும், இதற்கு மேல் வராதே என்று சொல்வதற்கு அதற்கு வேறு வழி இல்லை. நான் அசையாமல் இருந்தேன். இன்னும் ஒரு நிமிடம் இருந்திருந்தால் விட்டிருக்கும்.

படலுக்கு வெளியே இருந்து பார்த்தவனுக்கு, ரத்த வாயில் என் கை.

"கடிச்சிடுச்சுடா!" கலியபெருமாள் குதித்தது எனக்குக் கேட்டது. "வேணாம்" என்று நான் கத்தி முடிப்பதற்குள் கம்பி இறங்கிவிட்டது. நாயின் முன்னங்காலில் விழுந்தது. பச்சைக் கிளை முறிகிற சத்தம். அந்த அடியில்தான் தாடை மூடியது. என் உள்ளங்கையின் இரண்டு பக்கமும் பல் இறங்கியது.

பிறகு அது வாயைத் திறந்து என் கையை விட்டது. எழுந்து ஓடவில்லை, அவன்மேல் பாயவில்லை. முறிந்த காலை இழுத்து, உடம்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, கீழே இருந்ததன் மேல் கவிழ்ந்துகொண்டது. கம்பி இரண்டாம் முறை மேலே போயிருந்தது.

நாயின் வயிற்றுக்கு அடியிலிருந்து ஒரு குட்டி கத்தியது.

கருப்பு ஆடு படலைத் தாண்டிக் குதித்தது. எங்களில் ஒருவரையும் பார்க்காமல் நேராக மூலைக்குப் போய், நாயின் கழுத்துக்குக் கீழே மூக்கை நுழைத்தது. செட்டிகுளம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நக்கி நக்கிக் காய்ந்திருந்த ஒரு கருப்புக் குட்டி, தொப்புள்கொடி தொங்க, எழுந்து நின்று விழுந்து மறுபடி எழுந்தது. தாயின் வாலுக்குக் கீழே ரத்தம் காய்ந்திருந்தது. அத்தனை நேரம் எங்கள் முகத்துக்கு நேரே நின்று அது கத்திக்கொண்டிருந்தது.

கலியபெருமாள் கம்பியை மெதுவாகக் கீழே வைத்தான், சத்தம் வந்துவிடக் கூடாது என்பதுபோல. ராமலிங்கம்தான் வாயைத் திறந்தார்.

"கருப்பி சினையா இருந்துச்சு சார். எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும்ணே" என்றேன். அதுவரை அவரை நான் அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

'குட்டி யானை' சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்து நாயை அரியலூர் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வண்டியில் கலியபெருமாள் தன் மடியில் அதன் தலையை வைத்துக்கொண்டு, முறிந்த காலை ஒரு மட்டைப்பலகையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தான். என் கையைப் பார்த்த அரசு ஆஸ்பத்திரி டாக்டர், நாய்க்கடிக்குத் தையல் போடமாட்டோம் என்று சோப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவச் சொன்னார். அன்றைக்கு ஒன்று, பிறகு மூன்று என்று நான்கு நாள் ஊசி. நாயின் எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. தகடு வைக்க வேண்டும், இங்கே முடியாது, பெரிய கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள்.

சாயங்காலம் மேடம் நேராகக் காப்பகத்துக்கு வந்தார். என் கட்டைப் பார்த்தார். பிறகு படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சினை பூஜ்யம்னு போட்டிருக்க."

"அவங்க அப்படித்தான் சொன்னாங்க மேடம்."

"நீ நம்புனியா?"

அவர் இரண்டாம் முறை கேட்டார். பிறகு மூன்றாம் முறை கேட்டார், அதே குரலில். மூன்றாம் முறை என் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல மேடம்" என்றேன்.

"சரி" என்றார். அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. இன்றுவரை அது எனக்குக் குறைதான்.

அடிபட்ட நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வது எங்கள் விதி. ஆனால் மறுநாள் செல்வி சடங்குப் புடவையோடு நேரே பஸ் ஏறிக் காப்பகத்துக்கு வந்துவிட்டார். "நாயி எங்களது, தம்பி. நான் அன்னிக்குச் சொல்ல வந்தேன், இவரு வுடல. நீயாச்சும் என்னக் கூப்புட்டுக் கேட்டிருக்கலாம்ல?" என்று என்னிடம் சொல்லிவிட்டு மேடத்திடம் திரும்பினார். "எங்க வூட்டு ஆளு அடிச்சது. நாங்களே பாத்துக்கிறோம்."

மேடம் கொஞ்சம் யோசித்தார். "கால் செலவு முழுசும் உங்களது. முடியும்னா நாய் உங்களது. முடியாதுன்னா என்னோடது. நடுவுல ஒண்ணும் இல்ல."

"முடியும்" என்றார் செல்வி. எப்படி என்று அவர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் அந்தக் கேள்வியை மாற்றினோம். அது என் யோசனை, ஏழு வருடத்தில் நான் உருப்படியாகச் செய்தது அதுதான் என்று நினைக்கிறேன். மூடி போட்ட ஒரு தகரடப்பா, ஒரு பை புளியங்கொட்டை. "சினை ஆடு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொட்டை உள்ள போடுங்க. வாய்விட்டுச் சொல்ல வேணாம். நாங்க இங்க எண்ணவும் மாட்டோம்" என்போம். டப்பாவை வீட்டுக்காரரிடம் கொடுக்காமல், ஆட்டுக்குத் தீனி வைக்கும் பெண்ணின் கையில் கொடுப்போம். ஊர் எல்லை தாண்டிய பிறகு திறந்து எண்ணுவோம். ஒரு தடவைகூட டப்பா காலியாக வந்ததில்லை. தினேஷ், போனில் இருக்கும் கட்டத்துக்கு மூடி கிடையாது. அதனால்தான் பூஜ்யம்.

செட்டிகுளத்தைத் திரும்பக் கொண்டுபோய் விட்டது ஐம்பது நாள் கழித்து. முன்னங்கால் கொஞ்சம் வெளிப்பக்கமாக விழும், மற்றபடி நடக்கும். வண்டியிலிருந்து இறங்கியதும் அது நேராகப் பட்டிக்குப் போய், மூலைக்கு மூலை மோந்துவிட்டு, பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. கலியபெருமாள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். அது அவனைப் பார்த்தது. பிறகு குடித்தது.

நாற்பது நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும், படிவமும் புதிதாக எழுத வேண்டும். நான் தகரடப்பாவைச் செல்வியிடம் நீட்டினேன். அவர் வாங்கினார், ஆனால் கொட்டைப் பையைத் தொடவில்லை. ராமலிங்கத்தைப் பார்த்தார். பட்டி அகலமாகிவிட்டதுபோல இருந்தது. கருப்பியின் குட்டி நாயின் முதுகில் ஏறி நின்றுகொண்டிருந்தது.

"அது வேணாம் சார், நான் வாயாலயே சொல்றேன்" என்றார் ராமலிங்கம். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "இப்ப சினை ஒண்ணுமில்ல. இந்தத் தடவ நெசமாவே இல்ல. காலுக்குன்னு வித்தது ஏழு. இவன் இல்லாத நாள்ல தெருநாயி வந்து தின்னது ரெண்டு. மொத்தம் ஒம்போது போச்சு. சினைன்னாதான் யாவாரி நல்ல வெலைக்கு எடுப்பான், அதனால அந்த ஏழுல நாலு சினை. பட்டியில இருந்த சினையே அந்த நாலுதான். எழுதிக்குங்க."